ஐம்பத்தோராவது பொருள்: வடிவமைப்பு உரிமையும் ஒரு குட்டிப் பெட்டியின் கதையும்

தமிழில் "காப்புரிமை" என்ற ஒரே சொல் படாத பாடு படுகிறது. மருந்து கண்டுபிடித்தாலும் காப்புரிமை, பாட்டு எழுதினாலும் காப்புரிமை, கடைப் பெயருக்கும் காப்புரிமை! பத்திரிகைகளில்கூட இப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு உரிமைகள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காப்பது பேடன்ட். அது எந்தப் பெயரில் விற்கிறது என்பதைக் காப்பது டிரேட்மார்க். எழுத்தையும் ஓவியத்தையும் இசையையும் காப்பது பதிப்புரிமை.

அந்தப் பொருள் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை எது காக்கிறது? அதுதான் வடிவமைப்பு உரிமை. அறிவுசார் சொத்துரிமைக் குடும்பத்தில் யார் கண்ணிலும் அதிகம் படாத கடைக்குட்டி இது. ஆனால் பொறியியல், கட்டடக்கலை, ஃபேஷன் என்று எதைப் படிக்கும் மாணவரும் முதலில் உருவாக்குவது பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். புது மருந்து கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும், பல வருடம் வேண்டும். ஒரு புது விளக்கையோ, நாற்காலியையோ, பையையோ வரைய ஒரு பென்சில் போதும். அதைக் காப்பியடிக்க அதுகூட வேண்டாம், செல்போன் கேமரா போதும்!

இந்த உரிமை எங்கே காப்பாற்றும், எங்கே கைவிடும் என்று புரிந்துகொள்ள ஒரு குழந்தைகள் பெட்டியின் கதையே போதும்.

பெட்டி மேல் சவாரி

இங்கிலாந்தில் ராப் லா என்ற டிசைன் மாணவருக்கு 1990களின் கடைசியில் ஒரு யோசனை வந்தது. விமானப் பயணத்தில் குழந்தைகள் நடக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். அவர்களுடைய பெட்டியையே அவர்கள் ஏறி உட்காரும் வண்டியாக மாற்றிவிட்டால்? நான்கு சக்கரம், பிடித்துக்கொள்ள இரண்டு கொம்பு, அப்பாவோ அம்மாவோ இழுத்துச் செல்ல ஒரு பட்டை. இதுதான் பின்னாளில் 'டிரங்கி' என்ற பெயரில் பிரபலமான பெட்டி.

2003ல் அதன் உருவத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் வடிவமைப்புப் பதிவேட்டில் பதிவு செய்தார். 2006ல் பி.பி.சி.யின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சியில் முதலீடு கேட்டுப் போனார். ஒரு முதலீட்டாளர் பட்டையைப் பிடித்துப் பலமாக இழுக்க, அது கையோடு வந்துவிட்டது. முதலீடு இல்லாமல்தான் திரும்பினார். ஆனாலும் பெட்டி விற்றது, நன்றாகவே விற்றது.

விற்ற பொருளுக்குப் போட்டி வராமல் இருக்குமா? பி.எம்.எஸ். இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 'கிட்டி கேஸ்' என்ற பெயரில் அதேபோல ஏறி உட்காரும் பெட்டியை மலிவு விலையில் கொண்டுவந்தது. டிரங்கியைப் பார்த்துதான் அந்த யோசனை வந்தது என்பது நீதிமன்றத்தில் பதிவான விஷயம். டிரங்கியைத் தயாரித்த மேக்மேட்டிக் நிறுவனம் வழக்குப் போட்டது.

2013ல் உயர் நீதிமன்றத்தில் மேக்மேட்டிக் ஜெயித்தது. 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2016 மார்ச் 9 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் கடைசி வார்த்தையைச் சொன்னது: பதிவு செய்த வடிவமைப்பு மீறப்படவில்லை. தீர்ப்பை எழுதிய லார்டு நியூபெர்கர், பெட்டியைக் குழந்தை வண்டியாக்கும் யோசனை புதுமையானது, கெட்டிக்காரத்தனமானது என்று பாராட்டவும் செய்தார். ஆனால் வடிவமைப்புச் சட்டம் காப்பது யோசனையை அல்ல, உருவத்தை மட்டுமே என்றார். பாராட்டும் தோல்வியும் ஒரே தீர்ப்பில்!

தோற்கடித்தது படம்

ஏன் தோற்றார்கள்? பதிவுக்குக் கொடுத்த படங்களால்தான்.

பதிவு செய்த வடிவமைப்பு உரிமை என்பது நிலப் பத்திரம் மாதிரி. பத்திரத்தில் நான்கெல்லை எப்படி எழுதியிருக்கிறதோ அதுதான் நிலம். "என் மனதில் இருந்தது இன்னும் பெரிய இடம்" என்று பின்னால் போய்ச் சொல்ல முடியாது. வடிவமைப்புப் பதிவில் அந்த நான்கெல்லையை எழுதுவது சொற்கள் அல்ல, படங்கள்.

டிரங்கிக்காகக் கொடுத்தவை கம்ப்யூட்டரில் செய்த ஆறு முப்பரிமாணப் படங்கள். சாம்பல் நிற உடல், அதிலிருந்து தனித்துத் தெரியும் கறுப்புச் சக்கரங்கள், கறுப்புப் பட்டை, மேலே கொம்புகள். உடலில் வேறு எந்த அலங்காரமும் இல்லை. பார்த்தவுடன் கொம்பு வைத்த ஒரு விலங்கு நினைவுக்கு வரும். கிட்டி கேஸ்களில் ஒன்று கோடு போட்ட புலி, இன்னொன்று புள்ளி வைத்த வண்டு. டிரங்கியில் கொம்பு இருந்த இடத்தில் இவற்றில் இருந்தவை காதுகளாகவும் உணர்கொம்புகளாகவும் தெரிந்தன. மொத்தமாகப் பார்த்தால் வரும் எண்ணம் வேறு என்றது நீதிமன்றம்.

இதே பெட்டியை நிழலும் நிறமும் இல்லாமல் வெறும் கோட்டுப் படமாகக் கொடுத்திருந்தால்? உருவத்துக்கு மட்டும் உரிமை கேட்டதாக அர்த்தம் ஆகியிருக்கும். மேலே புலிக்கோடு போட்டாலும் வண்டுப்புள்ளி வைத்தாலும் தப்பிப்பது கடினமாகியிருக்கும். அழகாக, விவரமாகக் காட்ட வேண்டும் என்று செய்ததே எல்லையைச் சுருக்கிவிட்டது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, எப்படிப்பட்ட படங்களைக் கொடுப்பது என்று பிரிட்டிஷ் அறிவுசார் சொத்து அலுவலகமே 2016ல் ஒரு வழிகாட்டுக் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

பதியாதது காப்பாற்றியது

இந்த வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மேக்மேட்டிக் எல்லாவற்றிலும் தோற்கவில்லை. டிரங்கியின் சில பகுதிகளின் வடிவத்தில் அதற்கு இருந்த பதிவு செய்யாத வடிவமைப்பு உரிமை மீறப்பட்டது என்று 2013ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அது நிலைத்தது. காசு கட்டிப் பதிந்த உரிமை கைவிட்டது, பதியாமல் தானாக வந்த உரிமை ஓரளவு கைகொடுத்தது!

அதென்ன பதிவு செய்யாத உரிமை? பிரிட்டனில் 1988ல் இயற்றிய சட்டம் கொடுத்தது. ஒருவர் ஒரு பொருளின் உருவத்தைச் சொந்தமாக வடிவமைத்து, அதை வரைந்து வைத்தாலோ செய்து பார்த்தாலோ போதும், உரிமை தானாக வந்துவிடும். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. உருவாக்கியதிலிருந்து 15 வருடம், அல்லது முதலில் விற்பனைக்கு வந்ததிலிருந்து 10 வருடம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை நிற்கும். அதிலும் கடைசி 5 வருடம் யார் வேண்டுமானாலும் உரிமம் கேட்டு வாங்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. அதன் ஆயுள் வெறும் 3 வருடம்தான். ஆனால் உருவத்தோடு நிறம், கோடு, மேல் அலங்காரம் ஆகியவற்றையும் சேர்த்துக் காக்கும். ஒரு சீசனில் வந்து அடுத்த சீசனில் மறையும் ஆடைகளுக்கு 3 வருடம் தாராளம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது, 2021 ஜனவரி 1 முதல், இதே மாதிரி ஒன்றைத் தன் சட்டத்திலும் வைத்துக்கொண்டது.

இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் இது. பதிவு செய்த உரிமை பலமானது. அங்கே 25 வருடம் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். எதிராளி டிரங்கியைப் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தாலும் பயனில்லை, உருவம் ஒத்துப்போனால் மீறல்தான். பதிவு செய்யாததில் காப்பியடித்தார் என்று நிரூபிக்க வேண்டும். ஒரே மாதிரி உருவம் இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் இரண்டு பேரும் நிரபராதிகள். பலம் குறைவுதான். ஆனால் வக்கீலையும் கட்டணத்தையும் யோசிக்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைபவருக்கு இந்தச் சின்னக் குடைதான் மழையில் இருக்கும் ஒரே குடை.

இந்தியாவில் குடை இல்லை

இப்போது இந்தியாவுக்கு வரலாம். இங்கே 2000 ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம். கொல்கத்தாவில் இருக்கும் பேடன்ட் அலுவலகத்தின் வடிவமைப்புப் பிரிவு பதிவைப் பார்த்துக்கொள்கிறது. சென்னை கிண்டியிலும் விண்ணப்பம் கொடுக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். இவ்வளவும் நல்ல விஷயம்.

பதிவு செய்யாவிட்டால்? இந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. "பதிப்புரிமை இருக்கிறதே, வரைந்த படம் என்னுடையதுதானே" என்று கேட்பவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு பதில் சொல்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பில் இருந்த பதிப்புரிமை தீர்ந்துபோகும். ஐம்பதாவது பொருள் வரை உரிமையாளர். ஐம்பத்தோராவது பொருள் வெளியே வந்ததும் வெறும் ஆள்!

இதன் விளைவைக் காட்டும் வழக்கு ஒன்று, டிரங்கி தீர்ப்பு வந்த அதே 2016 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. ரித்து குமார் என்ற பெயரில் ஆடைகள் விற்கும் ரித்திகா நிறுவனம், தன் ஆடை வடிவமைப்புகளைக் காப்பியடித்ததாக பீபா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தது. வடிவமைப்புகளைப் பதிவு செய்திருக்கவில்லை. 50க்கு மேல் தயாரித்தும் ஆகிவிட்டது. எனவே பதிப்புரிமை இல்லை என்றது நீதிமன்றம். காப்பியடித்தார்களா இல்லையா என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. எது கலைப் படைப்பு, எது தொழில் வடிவமைப்பு என்று பிரித்துப் பார்க்கும் முறையை 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 50 என்ற கோடு சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது.

சரி, கொஞ்சம் விற்றுப் பார்த்துவிட்டு, ஓடினால் பதிவு செய்யலாம் என்றால்? அங்கேயும் ஒரு பள்ளம். பதிவுக்கு வடிவமைப்பு புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் உலகில் எங்கேயாவது அது வெளியாகியிருந்தால், வெளியிட்டவர் அதே வடிவமைப்பாளராகவே இருந்தாலும், புதுமை போய்விடும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வெளியிட்டு 12 மாதம் வரை பதிவு செய்ய அவகாசம் உண்டு. இந்தியச் சட்டம் கொடுப்பது குறுகலான சலுகை: மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியாக இருக்க வேண்டும், முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு பாலிடெக்னிக் மாணவி புதுவிதமான மடக்கு நாற்காலி ஒன்றைச் செய்து கல்லூரிக் கண்காட்சியில் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படம் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். பாராட்டு குவிகிறது. மூன்று மாதம் கழித்து ஒரு ஃபர்னிச்சர் கடையில் அச்சு அசலாக அதே நாற்காலி. இப்போது அவள் பதிவு செய்யப் போனால், படம் ஏற்கெனவே வெளியாகிவிட்டது, புதுமை இல்லை. பதிப்புரிமை என்று போனால் கடைக்காரர் 15(2)ஐக் காட்டி வாதாடப் பார்க்கலாம். 'பாஸிங் ஆஃப்' என்று ஒரு வழக்கு உண்டு, ஆனால் அந்த உருவத்தைப் பார்த்ததும் வாங்குபவர்கள் அவள் பெயரை நினைக்கும் அளவுக்கு ஏற்கெனவே சந்தையில் புகழ் இருக்க வேண்டும். முதல் நாற்காலி செய்த மாணவிக்குப் புகழுக்கு எங்கே போவது? பெருமையாக வெளியே காட்டியதுதான் அவள் செய்த ஒரே குற்றம்.

சரி, முறையாகப் பதிவே செய்திருந்தாலும் கதை சுகமாக முடிகிறதா? 22 ஆவது பிரிவின்படி மீறல் ஒவ்வொன்றுக்கும் 25,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அது வேண்டாம் என்றால் நஷ்டஈடும் தடையுத்தரவும் கேட்டு வழக்கு நடத்தலாம். பெரிய கம்பெனிக்கு 50,000 ரூபாய் தண்டனையா, லைசென்ஸ் கட்டணமா?

மறுபக்கமும் இருக்கிறது

"பதியாதவருக்கெல்லாம் உரிமை கொடுத்தால் சிறு தொழில்கள்தானே முதலில் சாகும்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதிவேடு இருந்தால் தேடிப் பார்க்கலாம், பதியாத உரிமையை எங்கே தேடுவது? நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவதையே தொழிலாக வைத்துக்கொள்பவர்கள் வரலாம். சினிமாவில் பார்த்த ஜாக்கெட்டைப் பக்கத்துத் தெருத் தையல்காரரிடம் காட்டித் தைத்துக்கொள்வது காலம்காலமாக நடப்பது. அவரைக் கோர்ட்டுக்கு இழுப்பதா? மிக்ஸி ஜாருக்கு மூடியும் வாஷரும் செய்து பிழைக்கும் பட்டறைகளின் கதி என்ன? விலை குறைந்த கிட்டி கேஸால் பயன்பெற்ற பெற்றோர்களும் இருக்கத்தானே செய்வார்கள்?

இவை எதுவும் விடை இல்லாத கேள்விகள் அல்ல. காப்பியடித்ததை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குப் போடுபவர் தலையில் இருக்கும்போது, தானாகச் சிந்தித்துச் செய்தவர் பயப்பட வேண்டியதில்லை. இன்னொரு பொருளோடு பொருந்துவதற்காகவே அப்படி இருந்தாக வேண்டிய உருவத்தை பிரிட்டிஷ் சட்டம் இந்த உரிமையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது, எனவே மூடியும் வாஷரும் தப்பிக்கும். ஒருவருக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் தையல்காரரை வெளிப்படையாக விலக்கி ஒரு வரி சேர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆயுளையும் 3 வருடத்தோடு நிறுத்தலாம்.

மலிவுப் பெட்டி விஷயத்திலும் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் சொன்னது சரிதான். ஏறி உட்காரும் பெட்டி என்ற யோசனை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கக் கூடியது அல்ல. யார் வேண்டுமானாலும் வேறு உருவத்தில் செய்யட்டும், மலிவாக விற்கட்டும். யோசனை ஊருக்குப் பொது. அந்த யோசனைக்கு ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்த குறிப்பிட்ட உருவம் மட்டும், கொஞ்ச காலத்துக்கு, அவருடையதாக இருக்க வேண்டும். அதற்கு அவர் வக்கீல் வைத்திருந்தாரா என்பது நிபந்தனையாக இருக்கக் கூடாது.

இன்றைய இந்தியச் சட்டத்தில் அதுதான் நிபந்தனை. பதிவு ஒன்றே வழி என்று சொல்வது கேட்க எல்லோருக்கும் சமமான விதி மாதிரி இருக்கும். நடைமுறையில் சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனம் பொருளை வெளியிடும் முன்பே பதிந்துவிடும். தனி ஆள், வெளியிட்ட பிறகுதான் அப்படி ஒரு சட்டம் இருப்பதையே தெரிந்துகொள்வார். அப்போது கதவு மூடியிருக்கும்.

2024 நவம்பரில் ரியாத்தில் உலக நாடுகள் கூடி ஒரு வடிவமைப்புச் சட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றின. வெளியிட்ட பிறகும் பதிவு செய்ய 12 மாத அவகாசம் தர வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சங்களில் ஒன்று. இந்தியா அந்தத் திசையில் நகர்ந்தால் பாதிக் கதவு திறக்கும். மீதிப் பாதி திறக்க, காப்பியடிப்பதற்கு எதிரான குறுகிய காலப் பதிவில்லா உரிமை ஒன்று வேண்டும்.

அதுவரை

சட்டம் மாறும்வரை வடிவமைப்பவர்கள் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. இந்த வரிசை மாறவே கூடாது. விண்ணப்பத்தில் வைக்கும் படத்துக்கு டிரங்கி கற்றுக்கொடுத்த பாடம் போதும்: உருவம்தான் முக்கியம் என்றால் கோட்டுப் படம், அலங்காரம்தான் முக்கியம் என்றால் அதைக் காட்டும் படம். கசக்கிப் போட்ட ஸ்கெட்ச்கள் உட்பட எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருக்க வேண்டும். யார் முதலில் என்ற கேள்வி வந்தால் அவைதான் சாட்சி. தயாரிப்பாளரிடம் காட்ட வேண்டியிருந்தால், ரகசியமாகக் காட்டுவதாக எழுதி வாங்கிக்கொண்டு காட்டலாம். அப்படி நம்பிக்கையில் காட்டியதை அவர் துரோகமாக வெளியிட்டால், அது பதிவுக்குத் தடையாகாது என்று இந்தியச் சட்டமே சொல்கிறது.

1,000 ரூபாய் கட்டணம் பெரிய தொகை அல்ல. ஆனால் அப்படி ஒரு படிவம் இருக்கிறது என்று எத்தனை கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? செய்முறைத் தேர்வுக்கு மாடல் செய்யச் சொல்லும் பாடத்திட்டம், அந்த மாடல் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். ஐம்பத்தோராவது நாற்காலியைச் செய்து முடித்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை, காப்பியடித்தவரைத் தவிர.